எம்பிரியாலஜி: முதலில் வாரக் கணக்கு, அப்புறம் மற்றதெல்லாம்

ரிசல்ட் வந்துவிட்டது, அனாட்டமி பாஸ். இப்போதுதான் மூச்சே வருகிறது. அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கரு வளர்ச்சியைச் சொல்லும் எம்பிரியாலஜியை உறுப்பு உறுப்பாகத் தொடங்காதீர்கள். வாரக் கணக்கில் தொடங்குங்கள்.

மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார். நம் புத்தகம் கரு உருவான நாளிலிருந்து எண்ணும். இடையே ஏறக்குறைய 2 வாரம் இடிக்கும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாயான நியூரல் டியூபின் மேல்வாய் 25ஆம் நாள் வாக்கிலும் கீழ்வாய் 28ஆம் நாள் வாக்கிலும் மூடும் என்று படிக்கிறோம். மேல்வாய் மூடாவிட்டால் அனென்செஃபாலி (மூளையின் பெரும்பகுதியும் மண்டை ஓடும் உருவாகாத குறை), கீழ்வாய் மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா (முதுகெலும்பு முழுதாக மூடாத குறை). தாயின் கணக்கில் அது 6 வாரம்தான். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம்.

இது எனக்கு உறைத்தது அக்காவால். குன்னூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறாள். "கொழுந்து பறிக்கப் போறவங்க ரெண்டு மாசம் தள்ளின பிறகுதான்டா வர்றாங்க. அப்பத்தான் ஃபோலிக் மாத்திரையே கையில கிடைக்குது" என்றாள். அதற்குள் டியூப் மூடும் நாள் கடந்துபோயிருக்கும். கருத்தரிக்கும் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஏன் முன்பே?" என்று கேட்டார்கள். இதை அப்படியே சொன்னேன், அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்கள்.

பெயர்ப் பட்டியலை உருப்போட எனக்கு வராது. அதனால் ஒரு கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். எல்லாம் கரு வயதில் (கரு உருவான நாளிலிருந்து எண்ணிய வாரங்கள்):

முதல் 2 வாரம்: பாதிப்பு பெரிதென்றால் கரு கலையும், இல்லையென்றால் தேறிவிடும்.
3–8: உறுப்புகள் உருவாகும் காலம். பெரிய குறைகள் பெரும்பாலும் இங்கேதான்.
4: தொடக்கத்தில் இதயத் துடிப்பு, முடிவில் கை கால் மொட்டுகள்.
6–7: மேலுதடு இணையும். அண்ணம் அதற்குப் பிறகு.

கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்து, 1961இல் ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட தாலிடோமைடு மருந்தையும் இந்தக் கோட்டில் வையுங்கள். சுமார் 20 முதல் 36ஆம் நாளுக்குள் தாய் சாப்பிட்டிருந்தால்தான் கை கால்கள் அப்படிக் குறைந்தன. இதைப் புரிந்துகொண்டால் பிறவிக் குறைகளின் காரணங்களைப் படிக்கும் டெரட்டாலஜியில் பாதி முடிந்த மாதிரி.

குடல் சுழற்சிக்குப் படம் போதாது. ஊட்டிக் குளிரில் கழுத்தில் மஃப்ளர் இல்லாமலா இருப்பீர்கள்? அதை வளைத்துப் பிடியுங்கள். குடலுக்கு இரத்தம் தரும் சுப்பீரியர் மெசன்டெரிக் ஆர்ட்டரிதான் அச்சு. முன்னாலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, 6ஆம் வாரம் குடல் தொப்புள்கொடிக்குள் போகையில் 90 டிகிரி, 10ஆம் வாரம் வயிற்றுக்குள் திரும்புகையில் 180. கையால் சுற்றிப் பார்த்தால் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) ஏன் வலப்பக்கம் வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிச்சம் சில:
ஆம்ஃபலோசீல், காஸ்ட்ரோஸ்கிசிஸ் இரண்டும் குடல் வயிற்றுக்கு வெளியே இருக்கும் பிறவிக் குறைகள்; முன்னதில் குடலை மூடிப் பை உண்டு, பின்னதில் கிடையாது. கட்டாயம் கேட்பார்கள்.
இதயத் தடுப்புச் சுவர்களைப் பார்க்காமல் வரையும்வரை வரையுங்கள்.
விடைத்தாளில் வாரம் எழுதும்போதெல்லாம் 'கரு வயதில்' என்று சேர்த்துவிடுங்கள்.