குத்துச்சண்டையில் பெரியவர் முகமது அலியா, மைக் டைசனா?

"டைசன் அடிக்கு முன்னால யாருண்ணே நிப்பா?"

அட்டன் சலூனில் பொடியன் கேட்டதும் கத்தரி நின்றது.

முடிவெட்டும் அண்ணன் சீப்பைக் காதில் செருகி, இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் மடக்கி, சுவரில் முதுகைச் சாய்த்துக் காட்டினார். 1974, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம். அலி அப்படித்தான் மேடைக் கயிற்றில் சாய்ந்து, எதிராளி ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கினார். எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்.

டைசன் 20 வயதிலேயே ஹெவிவெயிட் சாம்பியன், மறுக்கவில்லை. நுட்பத்தை மட்டும் பார்த்தால் சுகர் ரே ராபின்சன். அலிக்கே ஆதர்சம் அவர்தானே.

ஆனாலும் என் ஓட்டு அலிக்கு.

வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967இல் பட்டத்தையே பறிகொடுத்தவர். உடம்பு உச்சத்தில் இருந்த மூன்றரை வருஷம் மேடையே இல்லை. அதற்குப் பிறகுதான் கின்ஷாசா.

டைசன் ரசிகர்கள் வாங்க, பேசுவோம்.