தண்ணி எத்தன கேன்?

ஜனவரி 21

நாளைக்குக் காலையில் ஆபரேஷன். அப்பா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். ஓமன் பாலைவனத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய தம்பி மஸ்கட்டில் இறங்கிவிட்டான். டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறேன் என்று அவன் நின்றபோது, “இங்கிருந்து என்ன பண்ணப் போறான், போய்ட்டு வரட்டும்” என்றது இதே அப்பாதான். ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்: “வண்டீல தண்ணி எத்தன கேன் வெச்சிருக்கான்னு கேளு கண்ணு.”

ஜனவரி 22

முடிந்தது. இடுப்பு மூட்டில் பந்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் காபி கேட்டார். தரவில்லை.

ஜனவரி 23

வாக்கரைப் பிடிக்க வைத்து நிறுத்தினார்கள். நாலு எட்டு வைத்தார். பிசியோதெரபி பெண்ணை இந்தியில் திட்டினார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லையோ என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அது போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்க் கற்ற இந்தி, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பியிடமிருந்து பதில் வந்தது. இருபது லிட்டர் கேன் நாலு. அப்பா விரல் விட்டார். ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், எட்டு நாளைக்கு வரும். “சரி. ரேடியேட்டருக்கு?”

ஜனவரி 24

தம்பிக்குப் போட்ட வாட்ஸ்அப் போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக்.

ஜனவரி 25

விடிகாலையில் வரிசையாக வாய்ஸ் மெசேஜ். பிதியா ஊரைத் தாண்டி ஷர்கியா மணல்காட்டுக்குள் போயிருக்கிறார்கள். கூட இருக்கும் பெருந்துறைக்காரர் மஸ்கட்டில் பல வருஷமாக இருப்பவர், ஆனால் ஏசி ஆபீசில் இருப்பவர். மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. வண்டி அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் கையால் மணல் பறித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு பிக்கப் வந்ததாம். ஒரு ஆள், முன் சீட்டில் ஒரு பொடியன். இறங்கியவர் ஸலாம் சொன்னார், வேறு எதுவும் கேட்கவில்லை. நேராக டயரிடம் குத்த வைத்து உட்கார்ந்து நாலிலும் 15 பாயிண்டுக்குக் காற்றை இறக்கினார். அவரே ஏறி ரிவர்ஸில் எடுத்துக் கொடுத்தார். ‘பின்னாலேயே வாங்க’ என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். முதலில் பேரீச்சை, பிறகு ஏலக்காய் போட்ட, பால் சர்க்கரை இல்லாத காபி. காதில்லாத சின்னக் கிண்ணம். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். இவனும் மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டே வெறும் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினானாம். ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். பிறகு ஒரே பெரிய தட்டில் கறிச்சோறு, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில். பணம் நீட்டினால் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிவிட்டாராம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு: “அப்ப அவிங்களுக்கு என்னதான் குடுத்தான்?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இங்கே பெட்பேன் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அங்கே இவன் யார் வீட்டுச் சோற்றையோ தின்றுவிட்டு ‘அக்கா, என்ன மனுசங்க’ என்கிறான். அந்த வீட்டில் அந்தச் சோற்றை ஆக்கியவள் யார்? அவள் முகத்தை இவன் பார்த்திருக்கவே மாட்டான். திடீரென்று ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தால் அரிசி களைவது யார் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 27

திருச்செங்கோட்டுக்கு, வீட்டுக்கு வந்துவிட்டோம். கீழ் அறையில் கட்டில். சம்மணம் போடக்கூடாது, தாழ உட்காரக்கூடாது, காலின் மேல் கால் போடக்கூடாது. வாழ்நாளெல்லாம் லாரி டயர் மேல் குந்தியிருந்த ஆளிடம் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சாயங்காலம் தானாகவே பேச ஆரம்பித்தார். 1992, ஜெய்சல்மேர் பக்கம். ரிக் வண்டி ஒன்று, கம்ப்ரசர் வண்டி ஒன்று, சமையல்காரரோடு சேர்த்து நம்மூர் ஆட்கள். ஊரைவிட்டுக் கிளம்பினால் மாதக் கணக்கில் வண்டிக்கு அடியில்தான் படுக்கை. நம் பக்கம் பாறை, ஹேமர் அடித்தால் குழி சரியாமல் நிற்கும். அங்கே மணல் சரிந்து சரிந்து விழும், கேசிங் பைப் இறக்கி மாளாது. அந்த ஊரில் மழைத் தண்ணீரைத் தரைக்கு அடியில் தொட்டி கட்டிப் பிடித்துப் பூட்டு போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பூட்டைத் திறந்து ரிக்காரர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள் என்கிறார். தண்ணீர் எடுத்துத் தர வந்தவர்களுக்கே தண்ணீர். கம்பு ரொட்டி, மோர், அப்புறம் ராப்டி என்று ஒன்று. கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சியது. “நம்ம கம்மங்கூழேதான் அம்மிணி. முத நா குடிச்சதும் எனக்கு அழுவாச்சி வந்துருச்சு.”

போர் உப்பாகப் போய்விட்டது. அடிக்கு இவ்வளவு என்று பேசிய காசை நிலத்துக்காரர் எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று உட்கார வைத்தார்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

பதில் இல்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் அதிகம் என்றார்.

ஜனவரி 28

மலம் இளகவில்லை. இன்று முழுவதும் அதே பேச்சு. தம்பி கடற்கரையில் கூடாரம், துக்ம் போகும் வழி. மீனவர் ஒருவர் மீன் கொடுத்தாராம். சரி.

ஜனவரி 29

இதை எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் தம்பி வீடியோ காலில் வந்தான். ஹைமாவுக்குப் பக்கம், ஜித்தத் அல் ஹராசீஸ் என்கிற கல்லும் மணலுமான மொட்டை வெளி. ஹராசீஸ் என்பது அங்கே ஆடும் ஒட்டகமும் மேய்க்கிற கூட்டத்தின் பெயர். பக்கத்தில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர். ராத்திரி அவர் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் கூடாரம் அடித்திருக்கிறார்கள். பெரியவருக்கு இந்தி வருகிறது, சின்ன வயசில் கடையில் கற்றுக்கொண்டதாம். தம்பிக்கு வராது. “அப்பாகிட்டக் குடுக்கா.”

போனைக் கட்டிலில் சாய்த்து வைத்தேன். அவ்வளவுதான், ரெண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். அப்பாவின் இந்தி ராஜஸ்தான் லாரி இந்தி, அவருடையது வேறு என்னவோ. இருந்தும் நிற்காமல் ஓடியது. இடையிடையே அப்பா எனக்கு ஒவ்வொரு வரி வீசினார். அந்த வெளியில் ஆறு குளம் ஊற்று எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் ஆட்டுப்பாலும் ஒட்டகப்பாலும்தான் தண்ணீர். 1958இல் எண்ணெய் தேட வந்த கம்பெனி தன் தேவைக்கு ஹைமாவில் ஒரு கிணறு தோண்டியது. அதற்கப்புறம்தான் அங்கே தண்ணீர், அதைச் சுற்றித்தான் அந்த ஊரே.

“பாத்தியா, ரிக்குதான்!” அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தினேன்.

அடுத்த கேள்வி, எத்தனை அடி. பெரியவருக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு அதைத் தாங்கவே முடியவில்லை. “குடிக்கிறது அந்தத் தண்ணி, ஆழம் தெரியாதுங்கறாரு!” அந்தப் பக்கம் பெரியவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஒட்டகம் ஒன்று தருகிறேன், வந்து ஓட்டிக்கொண்டு போ என்றாராம். இவர், இடுப்பு ஒடிந்தவன் ஒட்டகத்தில் எப்படி ஏறுவது என்றாராம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் இன்றுதான் சிரித்தார். ராத்திரி தோசை மூன்று.

ஜனவரி 30

‘எத்தனை அடி’ என்று தம்பியிடம் விசாரிக்கச் சொல்லி காலையிலிருந்து ரெண்டு தடவை.

ஜனவரி 31

தம்பி கேட்கிறான்: “நம்ம காட்டுல ராத்திரி ரெண்டு அரபிக்காரங்க வந்து கூடாரம் போட்டா உடுவீங்களாப்பா?” அங்கே விருந்தாளி வந்தால் மூன்று நாளைக்கு எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்களாம். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போடட்டும்” என்றார். அவர் விடுவார். ஊர் விடுமா? விடிவதற்குள் நாலு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போயிருக்கும், புள்ளை பிடிக்கிறவர்கள் என்று. எதிர் வீதித் தறிப்பட்டறையில் ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர நம் வீதியில் ஆள் இல்லை, பட்டறைக்குள்ளேயே படுக்கிறார்கள். நம் ரிக் ஆட்கள் போகாத மாநிலம் இல்லை, தின்னாத ஊர்ச்சோறு இல்லை. அதுவும் இதே ஊர்தான்.

அந்தப் பையன்களில் ஒருவன் சாயங்காலம் அப்பாவைப் பார்க்க வந்தான். யார் சொன்னார்களோ, இங்கே ஒரு தாத்தா இந்தி பேசுவார் என்று. வாசலிலேயே நின்றான். அப்பா உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். மத்தியானத்து அரிசிம்பருப்புச் சோறு இருந்தது, நெய் விட்டுக் கொடுத்தேன். களைந்து ஆக்கியவள் நான்தான் என்று எனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 1

சாம்பிராணி மரத்தின் போட்டோ. தும்ரைத் பக்கம் வாதி தௌக்கா, 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பட்டையைச் சீவிவிட்டால் பால் வடிந்து இறுகுகிறது. அப்பா போனை மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம கிளுவையாட்டம் இருக்குது” என்றார். தேடிப் பார்த்தேன், ரெண்டும் ஒரே குடும்பம்தான். வெள்ளைப்போளப் பிசின் தருகிற மரம் கிளுவைக்கு இன்னும் நெருங்கிய பங்காளி. காங்கேயத்துப் பக்கம் அமுச்சி ஊர்க் கொரங்காடு முழுக்கக் கிளுவை வேலிதான். உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், செம்மறி. “அவன் அதுல பால் எடுத்துக் கப்பல் ஏத்தியிருக்கான், நாம ஆடு தாண்டாம இருக்க நட்டு வெச்சிருக்கோம்” என்றார் அப்பா.

நாளையிலிருந்து சிக்னல் இருக்காது என்கிறான்.

பிப்ரவரி 2

ஒற்றை டிக்.

பிப்ரவரி 3

ஒற்றை டிக். பழநிக்கு நடக்கிறவர்கள் காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். முக்கில் நீர்மோர்ப் பந்தல். யாரும் யாரையும் ஊர் கேட்கவில்லை.

பிப்ரவரி 4

ஒற்றை டிக். அவன் போயிருக்கிற மணல்காட்டின் பெயர் ரூப் அல் காலி. நாலு நாடுகளுக்குள் கிடக்கிறது, ஏறக்குறைய 6,50,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாடு மாதிரி ஐந்து. ராத்திரி ரெண்டு மணிக்கு இதையெல்லாம் படிக்கக்கூடாது. உம் அல் சமீம் என்று ஒரு உப்புச் சேறு இருக்கிறதாம், மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே போகும். அவன் போகிற வழி அது இல்லை, அது வடக்கே வெகு தூரம். மேப்பில் விரலால் அளந்தும் பார்த்தேன். இருந்தாலும் கண்ணை மூடினால் அதுதான். இந்நேரம் கேனில் எவ்வளவு இருக்கும்? துக்மில் திரும்ப நிரப்பினார்களா? ஹைமாவில்? கேட்டிருக்கலாம். நம்மை விட அங்கே மணி ஒன்றரை குறைவு, அப்படியானால் இப்போது பன்னிரண்டரை, தூங்கிக்கொண்டிருப்பான். இல்லை, குளிரில் தூக்கம் வராது. கம்பளி எடுத்துப் போனானா?

அப்பா அந்த அறையிலிருந்து: “டிக் ஆச்சா?” அவரும் தூங்கவில்லை.

பிப்ரவரி 5

மத்தியானம் தெரியாத ஓமன் நம்பரிலிருந்து வாய்ஸ் மெசேஜ். தொட்டுவிட்டு விரல் நடுங்கியது. தம்பி குரல்! நல்லா இருக்கோம் அக்கா, இது தண்ணி லாரிக்காரர் போன், அவருக்கு நாளைக்குத்தான் சிக்னல் கிடைக்கும், ஊருக்குள்ள போனதும் அனுப்பறேன்னிருக்கார், அப்பாவுக்குச் சொல்லிரு.

பாலைவனத்துக் கொட்டகைகளுக்குத் தண்ணீர் கொண்டு போகிற லாரி. முந்தின நாள் பேசி வைத்ததைச் சுமந்துகொண்டு வந்து, சிக்னல் வந்ததும் ஞாபகமாக அனுப்பியிருக்கிறார். நன்றி என்று என்னென்னவோ எழுதி அழித்தேன். கடைசியில் கும்பிடு போட்டேன். பதிலுக்குத் தன் லாரியின் போட்டோவை அனுப்பினார். ஏன் என்று தெரியவில்லை.

அப்பா கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். டேங்கைப் பெரிதாக்கச் சொன்னார். “பத்தாயிரம் லிட்டர் புடிக்கும்” என்றார். அதற்கப்புறம் கேனைப் பற்றிப் பேசவில்லை.

பிப்ரவரி 6

தம்பி இன்னும் சில நாள் தள்ளி வருகிறானாம். ஹைமாப் பெரியவர் திரும்பும்போது தங்காமல் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்பா இங்கிருந்து ஒரு கிலோ ஊத்துக்குளி வெண்ணெய் அனுப்ப முடியுமா என்கிறார். முடியாது என்றேன். கச்சாயமாவது என்கிறார். தையல் பிரிக்க நாளைக்கு ஈரோடு போக வேண்டும், காரில் போனால் சீட் தாழ்வு, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அடம். ஒடிசாப் பையன் தூக்கி ஏற்றிவிட வருகிறேன் என்றிருக்கிறான், பட்டறையில் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தால்.