பழைய பொருள் விற்பவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் பழைய சோபா, பிரிட்ஜ் விற்க விளம்பரம் போட்டிருப்பவர்கள் இந்த மோசடியைப் பற்றிப் படித்துவிடுங்கள்.

போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் அழைப்பார். ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகி வருவதாகவும் சொல்வார். வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், கேன்டீன் அட்டை, ஆதார் எல்லாம் வரும். பொருளைப் பார்க்க வரமாட்டார், பேரமும் பேசமாட்டார். பேரம் பேசாமல் பழைய பிரிட்ஜ் வாங்குகிறவர் நம்மூரில் எங்கே இருக்கிறார்? அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

அப்புறம்தான் விஷயமே. "முன்பணம் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார். நம்ப வைக்க முதலில் ஐந்தோ பத்தோ நிஜமாகவே அனுப்புவதும் உண்டு. யுபிஐயில் பணம் வாங்க நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

"தெரியாமல் அதிகமாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்றும் வருவார்கள். அவர்கள் காட்டும் எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், வங்கிக் கணக்கின் இருப்பை நீங்களே பாருங்கள்.

இதை உங்கள் அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள், எனக்கு அவர்களை நினைத்துத்தான் கவலை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.