அப்பத்தாவின் புதிய பல்செட்

காரைக்குடியில் அப்பத்தாவுக்குக் கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட்டைக் கணினி வழியில் செய்தோம். உருக்கி வார்க்கும் பழைய முறையில் பல்செட்டின் சட்டத்துக்கான கோபால்ட் குரோமியம் உலோகக் கலவை ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்குவதை அச்சின் விரிவைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும்; இப்போதோ வாயை ஸ்கேன் செய்து, திரையில் வடிவமைத்து, உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிச் சட்டத்தை எழுப்புகிறார்கள். அதனாலேயே பொருத்தம் கச்சிதமாகிவிடாது: லேசர் சூட்டிலும் உலோகம் சற்று முறுக்கிக்கொள்ளும், கடைவாயில் பல்லே இல்லாத இடத்தில், மெல்லும்போது அமுங்கும் ஈறை ஸ்கேனர் அமுங்காத நிலையிலேயே பதிவுசெய்யும். அப்பத்தாவுக்கும் அங்கேதான் லேசாக ஆடியது. மருத்துவர் அடியில் பிசின் சேர்த்துச் சரிசெய்தார். கொக்கிகளோ முதல் நாளே பற்களைக் கவ்விக்கொண்டன. நேற்று சீப்புச்சீடையைக் காப்பியில் நனைக்காமலே கடித்தார் (மருத்துவரிடம் சொல்லக் கூடாதாம்).