பிரஷில் எவ்வளவு தண்ணீர்?

வார்ஹாமர் 40,000 என்ற மேஜைமேல் பொம்மைப் போர் விளையாட்டை ஆடத் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் பெயின்ட் அடிப்பது ஒரு அல்ட்ராமரீனுக்குத்தான். நீலக் கவசம், தோளில் பொன்னிற விளிம்பு, சுண்டுவிரல் உயரச் சிப்பாய். நாலைந்து மினியேச்சர் முடித்த பிறகும் பூச்சு தடித்து, விவரங்கள் மூடிப்போய்த் தெரிகிறதென்றால், அடுத்து பழக வேண்டியது ஒன்றுதான்: பிரஷில் இருக்கும் தண்ணீரின் அளவு.

அதற்கு முன் பிளாஸ்டிக்கைத் தயார் செய்ய வேண்டும். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். கத்தியின் முதுகுப் பக்கத்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இப்போது கண்ணில் படாத வரம்பு, வாஷ் (இடுக்கில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) ஊற்றியதும் முகத்தின் குறுக்கே கோடாகக் கிளம்பும். ரெசின் மினியேச்சர் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பிரைமர், அதாவது பெயின்ட் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு, பிடிக்காது.

ஸ்பிரே பிரைமரை 2 நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி சிறுசிறு வீச்சாக அடிக்க வேண்டும். அதிகத் தூரத்தில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும். காற்றில் ஈரம் மிகுந்த நாளிலும் பூச்சு கெடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஸ்பிரேயை விட்டுவிட்டு, பிரஷால் பூசும் பிரைமரை எடுப்பது நல்லது. அதை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

இனி நீலம். மக்ராக் புளூ என்ற கருநீலப் பெயின்டை டப்பாவிலிருந்து எடுத்து நேராகப் பூசாதீர்கள். பேலட்டில் (பெயின்ட் கலக்கும் தட்டில்) 2 பங்கு பெயின்டுக்கு 1 பங்கு தண்ணீர் என்று தொடங்கி, பிராண்டைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தோசை மாவாக நிற்கவும் கூடாது, நீர்மோராக ஓடவும் கூடாது. பதம் தெரிய, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் ஓரம் கலையாமல் நின்று, அடியில் நகம் லேசாகத் தெரிந்தால் சரி.

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி அடுத்தது. பெயின்டில் தோய்த்த பிரஷின் பக்கவாட்டை ஒருமுறை டிஷ்யூவில் தொட்டு, நுனியைச் சுழற்றிக் கூராக்கிய பிறகே பொம்மைக்குக் கொண்டுபோக வேண்டும். மயிர்க்கட்டு வயிற்றில் நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நுனி கவசத்தில் பட்டதும் அத்தனையும் ஒரேயடியாக இறங்கி, இடுக்குகளில் தேங்கும். மேட்டில் நிறமே நிற்காது. "தண்ணீர் கலந்தால் எனக்குச் சரிப்படவில்லை" என்று கைவிடுகிறவர்களில் பலருக்குக் கலவை சரியாகவே இருக்கும், பிரஷில் ஏற்றிய அளவுதான் தப்பு. இதை மட்டும் ஒரு மாலை முழுக்கப் பழகினாலும் வீண் இல்லை.

இழுப்பு முடிகிற இடத்தில் நிறம் கூடுதலாகச் சேரும். ஆகவே இருட்டாக இருக்க வேண்டிய பக்கம் நோக்கி இழுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பதறி மேலே தடவாதீர்கள். பாதி காய்ந்த அக்ரிலிக்கைத் தொட்டால் தோலாக உரிந்து வரும். 10 நிமிடம் விட்டு இரண்டாவது பூச்சு கொடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் இரண்டில் மூடாது. மஞ்சளுக்கு அடியில் பழுப்பு, வெள்ளைக்கு அடியில் வெளிர் சாம்பல் கொடுத்தால் வேலை பாதியாகும்.

பிரஷ் வாங்கும்போது 000 என்ற மிகச் சிறிய நம்பர் பக்கம் போகாதீர்கள். அதில் ஏறும் துளி பெயின்ட், கண்ணுக்குப் போவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 1 அல்லது 2 நம்பர் பிரஷால் கண்ணே வரையலாம். மயிரில் பாதிக்கு மேல் பெயின்ட் ஏறக்கூடாது. உலோகப் பூண் வரை போய்க் காய்ந்தால் நுனி விரிந்துவிடும்.

பெயின்ட் காயாமல் ஈரமாக வைத்திருக்கும் வெட் பேலட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூடியுள்ள டப்பாவில் கிச்சன் டிஷ்யூவை நாலு மடிப்பாக நனைத்து, மேலே பேக்கிங் பேப்பரை விரித்தால் போதும். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர் ஓடக்கூடாது. மெட்டாலிக் பெயின்டை மட்டும் அதில் வைக்காதீர்கள். மினுக்குத் துகள் பிரிந்து மற்ற நிறங்களிலும் ஏறும். அதற்குத் தனிக் கழுவு தண்ணீரும் வேண்டும்.

நல்ன் ஆயில் என்ற கறுப்பு வாஷைக் கவசம் முழுக்க ஊற்றினால் தட்டையான பரப்பில் காப்பிக் கறை போல வளையம் விழும். இணைப்புக் கோடுகளில் மட்டும் விடுங்கள். தேங்கியதை, ஈரம் இருக்கும்போதே சுத்தமான பிரஷால் உறிஞ்சி எடுங்கள்; காயத் தொடங்கியபின் கை வைக்காதீர்கள். பொன்னிற விளிம்புக்கு ரிட்ரிபியூட்டர் ஆர்மர் என்ற தங்க நிறப் பெயின்ட், அதன்மேல் ரெய்க்லாண்ட் ஃபிளெஷ்ஷேட் என்ற பழுப்பு வாஷ் அழகாக உட்காரும்.

விளிம்பில் வெளிச்சம் பட்டதுபோல் காட்டும் ஓர ஹைலைட்டுக்கு கால்கர் புளூ என்ற சற்று வெளிர்ந்த நீலம். நுனியால் வரையாமல், பிரஷின் பக்கவாட்டை விளிம்பின்மேல் சாய்த்து உரசிக்கொண்டே போங்கள். விளிம்பே கோட்டை இழுத்துக்கொள்ளும். மூலைகளில் மட்டும் ஃபென்ரிசியன் கிரே ஒரு புள்ளி.

ஆட்டத்தில் கைபடும் பொம்மைக்கு மேட் வார்னிஷ் அவசியம். பளபளப்பைக் குறைக்கும் பொருள் பாட்டிலின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் பூசினாலோ, ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தாலோ வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். அப்படி ஆனால் உடனே சுரண்டாதீர்கள். மேலே பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷில் ஒரு மெல்லிய பூச்சு பல நேரம் அந்த நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.