கூண்டருகே நிற்பவரின் சொல்

கொழும்பில் ஆய்வுகூட எலி வளர்ப்பதென்றால் முதலில் வெக்கையோடு மல்லுக்கட்ட வேண்டும். எலிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற வாலைத்தான் முக்கியமாக நம்பியிருக்கும். அதுவும் போதாவிட்டால் எச்சிலை மயிரில் பூசிக்கொள்ளும். 22 பாகையை ஒட்டி வைத்திருக்கும் அறை, ஏசி நின்றால் கொஞ்ச நேரத்தில் புழுங்கத் தொடங்கிவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் எலிகளைக் காப்பாற்றியவர், கூண்டு கழுவி மரத்தூள் மாற்றும் ஹட்டன் பக்கத்து அண்ணன்தான். மேல்தட்டுக் கூண்டுகளைத் தரைக்கு இறக்கினார், நெருக்கமாக இருந்தவற்றைப் பிரித்து வைத்தார், இரவிலும் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆய்வுக்கு அனுமதி கேட்கும் எந்த விண்ணப்பத்திலும் அவர் பெயர் இல்லை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "மிஸ், இதுக்குக் கண்ணு ஓரத்துல செவப்பா இருக்கு. நேத்து இல்ல." அது இரத்தமல்ல. எலி அழுத்தத்திலோ நோயிலோ இருக்கும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறப்பொருள். எலியின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் அட்டவணை 2011இல் வெளிவந்தது: கண் இடுங்குவது, மூக்கு தட்டையாவது, காது மடிவது என்று அதில் இருக்கிறது. அண்ணன் அதைப் படித்ததில்லை. ஆனால் தினமும் அதே முகங்களைப் பார்ப்பவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. வாரம் ஒருமுறை வந்து எடை பார்த்துவிட்டுப் போகும் ஆய்வாளருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

விலங்குப் பரிசோதனைக்கு ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959இல் சொன்ன மூன்று கொள்கைகளில் முதல் இரண்டைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். விலங்கில்லாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று கேட்கிறோம். பாதி விலங்குகள் சாகும் அளவைத் தேடும் பழைய நச்சுப் பரிசோதனையை பரிசோதனை வழிகாட்டிகளை வெளியிடும் ஓஈசிடி (OECD) என்ற சர்வதேச அமைப்பு 2002 கடைசியில் கைவிட்டது; இன்று மூலிகைக் கஷாயமொன்றின் நச்சுத்தன்மையைப் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எலிகள் என்று பார்க்கலாம். இவையெல்லாம் பெரிய முன்னேற்றம், மனதார வரவேற்கிறேன். மூன்றாவது கொள்கை, துன்பத்தைத் தணிப்பது. அது அனுமதிக் கடிதத்தோடு முடியும் காரியமல்ல. கூண்டருகே ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டியது.

நம்முடைய மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, தண்டப்பணம் அதிகபட்சம் 100 ரூபாய். ஆய்வுகூட எலிக்கு அதனால் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. எனவே ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒழுக்கநெறிக் குழுக்கள்தான் கேட்க வேண்டும். மின்சாரம் நின்றால் விலங்குகளுக்கு என்ன ஏற்பாடு? எந்த நிலையில் பரிசோதனையை நிறுத்துவீர்கள், நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு? அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில் பராமரிப்பாளரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். குழுவில் அவருக்கு ஒரு நாற்காலியும் வேண்டும்.