அப்புறம் பார்த்துக்கலாம்

"இப்போதைக்கு செஃபசோலின் போடுவோம், அலர்ஜி விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்." ஆன்டிபயாடிக்கை மாற்றச் சொன்ன எங்கள் பரிந்துரைக்கு வார்டு ரவுண்டில் மருத்துவர் சொன்ன இந்தப் பதிலில் மருந்தியல்படி ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அது மனதை விட்டு அகல மறுக்கிறது.

நோயாளியின் ரத்தத்தில் மெதிசிலினுக்கு (பெனிசிலின் வகை மருந்து) அடங்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. கேஸ் ஷீட்டில் 'பெனிசிலின் அலர்ஜி'. விசாரித்தால், "சின்ன வயசுல உடம்பு தடிச்சுதுன்னு அம்மா சொல்வாங்க" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிக்காக, பெனிசிலின் குடும்பத்தைச் சேராத வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கிருமிக்கு அது பீட்டா-லாக்டம் மருந்துகளைவிட (பெனிசிலினும் செஃபசோலினும் அடங்கிய குடும்பம்) மெதுவாக வேலை செய்யும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட்டால் உடல் சிவந்து அரிக்கும். அதையும் யாராவது இன்னொரு அலர்ஜி என்று எழுதிவைப்பார்கள்.

செஃபசோலின் 2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை: இதுதான் நாங்கள் கொடுத்த பரிந்துரை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் 10 சதவீதம் பேருக்கு செஃபலோஸ்போரினும் (செஃபசோலின் சேர்ந்த வகை) ஆகாது என்ற பழைய கணக்கு இன்னும் பலர் மனதில் இருக்கிறது. ஆரம்பகாலத் தயாரிப்புகளில் பெனிசிலின் கலந்திருந்ததும் அந்தக் கணக்குக்கு ஒரு காரணம். ஒவ்வாமை பெரும்பாலும் மூலக்கூறின் பக்கச்சங்கிலியைப் பொறுத்தது. பெனிசிலின் வகையான ஆம்பிசிலினுக்கும் செஃபலோஸ்போரின் வகையான செஃபலெக்சினுக்கும் அது ஒன்றே, செஃபசோலினுடையதோ தனி. மருத்துவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆய்வுப் படிவத்தில் 'பரிந்துரை ஏற்கப்பட்டது'.

உறுத்தல் படிவத்தின் அந்தப் பதிவில்தான். செஃபசோலின் அலர்ஜி வரியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வரி இருக்கும்வரை, அடுத்த முறை நிமோனியா வந்தால் பெனிசிலின் வகைக்குப் பதில் லெவோஃப்ளாக்சசின், பல்லில் சீழ் பிடித்தால் கிளிண்டாமைசின், கூடவே சி. டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு வரும் அபாயம். இத்தனைக்கும், இப்படிப் பதிவானவர்களைச் சோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு மேல் பெனிசிலின் ஒத்துக்கொள்கிறது. உண்மையிலேயே உடனடி ஒவ்வாமை இருந்தவர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்குப் 10 ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது.

பெனிசிலின் அலர்ஜி உண்மையாக இருக்கும் வாய்ப்பை மதிப்பிடும் பென்-ஃபாஸ்ட் கணக்கில் 5 ஆண்டுகளுக்குள் நடந்திருந்தால் 2 புள்ளி, அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை), முக வீக்கம் அல்லது கடுமையான தோல் பாதிப்பு என்றால் 2, சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் அல்லது அது தெரியாவிட்டால் 1. இவருக்கு ஒன்றைத் தாண்டாது. 3-க்குக் கீழே என்றால் தோல் சோதனைகூட வேண்டாம். பெனிசிலின் வகையான அமாக்சிசிலினை நேரடியாக வாய்வழி கொடுத்து, அட்ரினலினைக் கையருகே வைத்து, ஓரிரு மணி நேரம் கவனித்தால் போதும். 2023-இல் வெளியான பாலஸ் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது.

ஆனால் அந்தக் காலையில் அதைச் செய்திருக்க முடியுமா? காய்ச்சல் கொதிக்கும்போது, ரத்த அழுத்தம் நிலைகொள்ளாதபோது தடிப்பு வந்தால் எதனால் என்று யார் சொல்வது? ஒவ்வாமையை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மருந்து ஓடினால் வரவேண்டிய தடிப்பும் மறைந்துபோகும். மருத்துவர் 'இப்போது வேண்டாம்' என்றது சரி. 'அப்புறம்' யாருடைய வேலை என்று அங்கே யாரும் கேட்கவில்லை என்பதுதான் சிக்கல். ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் கல்சர் நெகட்டிவ் ஆன நாளிலிருந்து குறைந்தது 14 நாள் ஊசி. அந்தச் சோதனைக்கு அதில் உடல் தேறிய ஒரு காலை போதும். ஆனால் அந்தக் கட்டத்தில் எல்லோர் கண்ணும் டிஸ்சார்ஜ் மீதுதான்.

அளவுகோலை மாற்றி, பரிந்துரை ஏற்கப்பட்டதா என்பதற்குப் பதில் வீடு திரும்பும்போது அலர்ஜி வரி நீங்கியதா என்று எண்ணலாம். அப்படி எண்ணத் தொடங்கினால், உடல் தேறாதவருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் அவசரம் வரும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன், ட்ரெஸ் போன்ற கடுமையான மருந்து ஒவ்வாமைகள் வந்தவர்களுக்கு இந்தச் சோதனை கூடவே கூடாது. அரைகுறை விசாரிப்பில் அவர்களும் பட்டியலில் நுழைந்துவிடலாம். இங்கே வரியை நீக்கினாலும், குடும்ப மருத்துவரின் பதிவிலும் மருந்துக்கடைக் கணினியிலும் பழையது அப்படியே கிடந்தால், அடுத்த அட்மிஷனில் அதே வரி திரும்பவும் ஏறிவிடும். கொடுத்த மருந்து, அளவு, தேதி, விளைவு ஆகியவற்றை எழுதி நோயாளியின் கையிலும் கொடுக்கச் சொல்கிறோம். அந்தத் தாள் அடுத்த மருத்துவரின் மேசைவரை போகிறதா என்பதை எங்கள் படிவம் எதுவும் கேட்பதில்லை.